சரி என்று ஒரு பட்டன்

அழிந்துவிடும் என்று அடித்துவிட்டு, பேக்ஸ்பேஸில் விரலை அழுத்தி, வந்த வழியே திரும்பிப் போனாள் பூமாரி. மறுபடி வெறும் பெட்டி. பெட்டிக்குள் அந்தச் சின்னக் கோடு மட்டும் சொல்லு சொல்லு என்று கண்ணைச் சிமிட்டிக்கொண்டு நின்றது. சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் இன்னும் மத்தியானத்துப் புளிக்குழம்பு மணக்கிறது. ஒரே ஒரு வரி. இத்தனை நாளில் எத்தனை வரி எழுதியிருப்பாள். தென்காசிப் பக்கத்தில், கீழே உரக்கடையும் மேலே கம்ப்யூட்டர் கம்பெனியுமாக இருக்கிற இந்தக் கட்டிடத்துக்கு அவள் வேலைக்கு வந்ததே வரி எழுதத்தான். படுத்துவிட்ட கம்ப்யூட்டரை எழுப்பிவிடுகிற சாஃப்ட்வேர் செய்கிறது கம்பெனி. கரண்டு போய்ப் பாதியில் நின்ற மெஷின் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் நீலத் திரை ஒன்று வரும், இன்னது ஆயிற்று, இன்னது செய்யப்போகிறேன், செய்யட்டுமா என்று கேட்கும். அது இங்கிலீஷில் கேட்பதைத் தமிழில் கேட்கவைப்பது பூமாரி. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், கடைக்காரருக்குப் புரிகிற மாதிரி எழுதுவாள் என்று சேர்த்துக்கொண்டார்கள். புரிகிற மாதிரிதான் எழுதினாள். ‘உங்கள் கணினி பத்திரமாக மீட்கப்படுகிறது. சேமிப்பு இடம் சீராக்கப்படும். தொடரலாமா?’ கீழே ஒரு பச்சைப் பட்டன், சரி. எவ்வளவு அழகான வரி. மருமகள் வீட்டுக்கு வரும்போது வாசல் தெளித்துக் கோலம் போட்டு வைத்த மாதிரி ஒரு வரி. அதை நம்பித்தான் சுரண்டையில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிற ஞானதுரை அண்ணாச்சி சரியை அமுக்கினார். அமுக்கினதும் மெஷின் சீராகிவிட்டது. புது மெஷின் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே இருந்த அத்தனை கல்யாணமும் போயிற்று.

எல்லாக் கல்யாணத்தையும் அவர் கேட்கவில்லை. மற்றவர்களுக்கு ஆல்பம் கொடுத்தாயிற்று, பென் டிரைவில் கொடுத்தாயிற்று. ஒன்றே ஒன்றுதான் பாக்கி, பிரிசில்லா கல்யாணம். கேமரா கார்டிலிருந்து மெஷினுக்கு மாற்றிவிட்டு, மறுநாள் முகூர்த்தத்துக்கு அதே கார்டைத் துடைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார் மனுஷன், முகூர்த்த மாசத்தில் எல்லா ஸ்டூடியோக்காரரும் செய்கிறதுதானே. அந்தப் பிள்ளையின் அப்பா வாழைக்காய் ஏவாரம். கல்யாணம் முடிந்து ஒரு மாசம்கூட ஆகவில்லை, மார்க்கெட்டில் தார் இறக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான், பிறகு எழவில்லை. முன்பல் ரெண்டும் கிடையாது அவருக்கு, கேமராவைக் கண்டால் துண்டை வாயில் வைத்துக்கொள்வாராம். “நாந்தான், துண்ட எடுங்க மாமா, மக கல்யாணத்துல கூடவா மறைப்பீங்கன்னு சத்தம் போட்டேன் தங்கச்சி. சிரிச்சிட்டாரு. அப்படியே எடுத்துட்டேன். அவுக வீட்டுல அவரு சிரிச்ச படம்னு வேற இல்ல.” போனில் இதைச் சொல்லும்போது அண்ணாச்சி குரல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. படம் எங்கேயோ உள்ளே பத்திரமாக இருக்கிறது என்கிற பெருமை. அது பூமாரி எழுதிய பத்திரம். அந்தப் பிள்ளை வாரம் தவறாமல் வருகிறாளாம், வயிற்றுப்பிள்ளையோடு படியேறி வருகிறாளாம். அண்ணாச்சி, அடுத்த வாரம் வந்துரும் தாயி என்கிறார். அவரிடம் கம்பெனி, பார்த்துக்கிட்டிருக்கோம் சார் என்கிறது. டிஸ்க்கைக் கழற்றி அனுப்பச் சொல்லி, பிரித்து, அலசி, ஒன்றும் இல்லை, அதன்மேல் வேறு எழுதியாகிவிட்டது, இனி கடவுளே வந்தாலும் இல்லை என்று கம்பெனியில் டிஸ்க் பார்க்கிற பையன்கள் சொல்லிப் பத்து நாளுக்கு மேல் ஆயிற்று. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை. இன்றைக்குச் சாயங்காலத்துக்குள் புது வரியும் போக வேண்டும், அண்ணாச்சிக்கு ஒரு போனும் போட வேண்டும். ரெண்டும் பூமாரி தலையில். “அவருக்கு உங்க பேச்சு பிடிச்சிருக்கு பூமாரி. முயற்சி பண்றோம்னு மட்டும் சொல்லுங்க. நீங்க சொன்னா சமாதானமா இருப்பாரு,” என்று ரூபவதி மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார்கள். மேடம் கெட்டவர்கள் இல்லை. பூமாரி பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முதலில் லீவு கொடுக்கிறது அவர்கள்தான். எல்லாரும் நல்லவர்கள்தான். அதுதான் இந்த விஷயத்தில் பெரிய தொந்தரவு.

கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிறார்கள், தொப் தொப் என்று. மூக்கைப் பிடுங்கும் அந்த வாடை ஜன்னல் வழியாக ஏறி வருகிறது. அந்தப் பழைய வரியை எழுதின அன்றைக்கும் இதே வாடைதான். அன்றைக்கு முதலில் அழிந்துவிடும் என்றுதான் எழுதினாள், அது நன்றாக நினைவிருக்கிறது. மேடத்திடம் போய்க் கேட்டாள், இந்த இங்கிலீஷுக்கு என்ன அர்த்தம் என்று. டிஸ்க்கைப் புதுசாக்கிடும் என்றார்கள். அப்படின்னா உள்ள இருக்கது? போயிடும். சரி என்று வந்து உட்கார்ந்து எழுதினாள், உள்ளே இருப்பது எல்லாம் அழிந்துவிடும். எழுதிவிட்டுப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை. எதிர் மேஜைப் பிள்ளை மானிட்டர் மேல் மல்லிகைப் பூச் சுற்றி வைத்திருந்தது. கடை திறந்ததும் ஒருவர் பத்தி கொளுத்தி, மெஷினுக்குச் சந்தனம் வைத்து, சுவிட்சைப் போடுகிறார், முதல் வார்த்தை அழிந்துவிடும் என்று வந்தால் அவருக்கு எப்படி இருக்கும். பூமாரி வீட்டில் அந்த மாதிரி வார்த்தைக்கு வாசற்படி தாண்ட அனுமதி கிடையாது. அரிசிப் பானை காலியானால் அரிசி நெறஞ்சிருச்சு என்றுதான் அம்மா சொல்லுவாள். விளக்கை அணைக்கிறது கிடையாது, குளிரவைக்கிறது. தாலிக்கயிறு அறுந்தால் அறுந்தது இல்லை, பெருகிற்று. கடைக்காரரிடம் ரசத்துக்குப் பெருங்காயம் இருக்கா என்று கேட்டால்கூட, இல்லை என்று சொல்ல மாட்டார், நாளைக்கு வரும் என்பார். எல்லாரும் சேர்ந்து நாக்கில் எண்ணெய் தடவி வளர்த்த பிள்ளை பூமாரி. அழி என்கிற சொல்லை எடுத்துவிட்டுச் சீராக்கப்படும் என்று போட்டாள். போட்டதும் திரையே குளிர்ந்த மாதிரி இருந்தது. மேடம் வந்து பார்த்து, “பயமுறுத்தாம எவ்வளவு அழகா இருக்கு, இப்படித்தான் வேணும்,” என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். அன்றைக்குச் சந்தோஷத்தில் போகும்போது வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனாள். அதை நினைத்தால்தான் இப்போது என்னவோ செய்கிறது. தப்பென்று தோன்றாமல் செய்தாள், அது கிடக்கட்டும். அல்வா வாங்கினாளே. புருஷன்காரன் செல்வகணபதி, என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, நாலு பேருக்கு நல்லது எழுதியிருக்கேன் என்று சொன்னாளே.

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். சமாதானமாக இருப்பாரு. அந்தச் சமாதானம் எப்படி இருக்கும் என்று பூமாரிக்குத் தெரியும், அதை மடியில் வைத்துக்கொண்டு அவள் ஒரு பஸ்ஸில் வந்திருக்கிறாள். முந்தின வருஷம் சித்தப்பா போன் பண்ணினார். “அப்பாவுக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு, நீ கெளம்பி வா, பதறாம வா.” பதறாமல் கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டில் ஆரஞ்சு வாங்கினாள், பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் சாத்துக்குடி வேண்டாம் என்று சொன்னதாக ஞாபகம், ஆரஞ்சா சாத்துக்குடியா, ஆரஞ்சே இருக்கட்டும். மடியில் பிள்ளை, பிள்ளை மடியில் ஆரஞ்சுப் பை. ஆலங்குளம் தாண்டும்வரை ஒரே வேண்டுதல். மொட்டை போடுகிறேன், பிள்ளைக்கும் போடுகிறேன், கறி தின்ன மாட்டேன், அவரோடு இனிமேல் ரேடியோவுக்குச் சண்டை போட மாட்டேன், சத்தமாகவே வைத்துக்கொள்ளட்டும். பக்கத்து சீட்டுக்காரி என்னம்மா என்று கேட்டதற்கு, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, சரியாயிரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பாதி வழியில் சித்தப்பா மறுபடி கூப்பிட்டு, ஆஸ்பத்திரி வேண்டாம், நேரா வீட்டுக்கே வந்துரு என்றார். அப்போதாவது புரிந்திருக்க வேண்டாமா. வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா, அப்ப தேறிட்டாரா என்று கேட்டாள். சித்தப்பா, நீ வா தாயி என்றார். தெருமுனை திரும்பினதும் பந்தல் போட்டிருந்தது. விடியற்காலையிலேயே முடிந்துவிட்டதாம். பஸ்ஸில் அவள் பேரம் பேசிக்கொண்டு வந்தது பூராவும், கண்ணாடிப் பெட்டியில் படுத்திருந்த ஆளுக்காக. வழி நெடுக அவள் அழுதிருக்கலாம், அழுதுகொண்டு வந்திருந்தால் வந்து இறங்கும்போது கால் கொஞ்சம் நின்றிருக்கும். அந்த ஆரஞ்சை என்ன செய்கிறது என்று தெரியாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். யாரோ வாங்கி அடுக்களையில் வைத்தார்கள். துக்கத்துக்கு வந்த பிள்ளைகள் தின்றன. சித்தப்பா மேல் கோபப்பட முடியுமா, பாவம், அவர் அண்ணன் செத்துக் கிடக்கையில் அவள் பஸ்ஸில் விழுந்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர். கோபப்பட ஆள் இல்லாத கோபம் வயிற்றிலேயே கிடக்கிறது. இதையெல்லாம் அனுபவித்தவள்தானே அந்த வரியை எழுதினாள். ஆரஞ்சு தூக்கினவள்தானே. அந்தக் கை எப்படி எழுதிற்று.

“என்ன பூமாரி, இன்னுமா? ஒரு வரிதானே?” மேடம் பின்னால் வந்து நின்றார்கள். ஒரு வரிதான் மேடம் என்றாள். “முன்னாடி கவனம்னு ஒண்ணப் போட்டுட்டு பழசையே விட்டுருங்க. படிச்சதும் பயந்துறக் கூடாது.” பயப்படணும்ல மேடம் என்று பூமாரி சொன்னது மேடத்துக்குக் கேட்கவில்லையோ, கேட்டும் விட்டுவிட்டார்களோ. “ஏன் இன்னைக்கு முகம் இப்படி இருக்கு? நீங்க சிரிச்சாத்தான இந்த மாடியில வெளிச்சம்.” பூமாரி சிரித்தாள். அது பாட்டுக்கு வருகிறது, மூக்கு அரித்தால் கை போகிற மாதிரி. சிரித்துக்கொண்டே, காலையில் எங்க வீட்டுக் கோழிக்குஞ்சு செத்துப்போச்சு மேடம் என்றாள். மேடமும் சிரித்தார்கள். போய்விட்டார்கள்.

நிஜமாகவே செத்துத்தான் போயிற்று. சைக்கிளில் கொண்டுவந்து விற்கிறானே சாயம் போட்ட குஞ்சு, அதில் ரோஸ் கலர் ஒன்று, மகள் தன்ஷிகா காலைப் பிடித்துக்கொண்டு அழுது வாங்கினது. பேரும் ரோசு. காலையில் அட்டைப்பெட்டியைத் திறந்தால் விரல் எல்லாம் மடங்கி விறைத்துக் கிடந்தது. பிள்ளை எழுந்துவிடப் போகிறதே என்று களைக்கொத்தை எடுத்துக்கொண்டு ஓடி முருங்கை மூட்டில் குழி பறித்து மூடிவிட்டு, கையைக் கழுவி, இட்லிக்கு ஊற்றிவிட்டு, இத்தனையும் ஒரே மூச்சில் செய்துவிட்டாள், தன்னைத் தானே கெட்டிக்காரி என்றுகூட நினைத்துக்கொண்டாள். பிள்ளை எழுந்து பெட்டியைப் பார்த்து, ரோசு எங்கம்மா என்றது. அவங்க அம்மாவப் பாக்கப் போயிருக்கு தங்கம். எப்ப வரும்? தலைவாரிக்கொண்டிருந்தாள், பஸ்ஸுக்கு நேரமாயிற்று, ரிப்பன் கடைவாயில். சாயங்காலம் வந்துரும். கேட்கிறதுக்கு முன்னாலேயே வாயில் தயாராக இருந்தது. சரி என்றது பிள்ளை. பிள்ளை அந்தச் சரியைச் சொன்ன விதம். தலையை ஆட்டிக்கொண்டு, பெரிய மனுஷி மாதிரி, சரி. பச்சைப் பட்டன். தாத்தாவுக்கும் இதே கதைதான். தாத்தா திருச்செந்தூருக்குப் போயிருக்காரு, முருகன் விட மாட்டேங்கிறாரு. பிஸ்கட் பாக்கெட் பிரித்தால் ஒன்றை எடுத்து டி.வி. மேல் வைக்கும் பிள்ளை, தாத்தாவுக்கு என்று. பிள்ளை தூங்கினதும் செல்வகணபதி அதை எடுத்துத் தின்றுவிடுவான். காலையில், தாத்தா வந்துட்டுப் போனாரா என்று கேட்கும். வந்தாரு, நீ தூங்கிட்டே. இதை ரெண்டு பேரும் ஒரு விளையாட்டாக நினைத்துக்கொண்டிருந்தார்கள், யாரிடமாவது சொல்லிச் சிரித்திருக்கிறார்கள்கூட. பிள்ளை விளையாடவில்லை. பிள்ளை காத்துக்கொண்டிருக்கிறது. படியேறி வருகிற அந்த வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி. மெஷினைப் பாலித்தீன் போட்டு மூடி வைத்துவிட்டு, வேறு மெஷின் வாங்கவும் மனசில்லாமல், வருகிற ஆர்டரைப் பக்கத்துக் கடைக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருக்கிற அண்ணாச்சி மாதிரி. எல்லாருக்கும் சாயங்காலம் வந்துரும் என்று சொல்லியிருக்கிறது. யார் சொன்னது? பூமாரி சொன்னது.

போனை எடுத்தாள். வராந்தாவுக்குப் போனாள். மேடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாருக்கோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். மணி போகிறது, போகிறது, எடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்கும் என்று ஒரு மனசு, அட வெட்கங்கெட்ட மனசே.

“சொல்லு தங்கச்சி. கிடைச்சிட்டா?”

“கிடைக்கல அண்ணாச்சி. இனிமேயும் கிடைக்காது. எல்லாம் அழிஞ்சுபோச்சு. நீங்க சரின்னு அமுக்குன அன்னைக்கே அழிஞ்சுபோச்சு.”

அந்தப் பக்கம் ஒரு ஃபேன் கடகடவென்று ஓடுகிறது கேட்டது. தெருவில் ஐஸ்காரன் மணி.

“அதுல அப்படிப் போடலையே தங்கச்சி. அழியும்னு போடலையே.”

“போடல அண்ணாச்சி. நான்தான் போடல. அந்த வரி நான் எழுதுனது.”

“நீயா? நான் என்ன நினைச்சேன்னா, நாமதான் சரியாப் படிக்காம அமுக்கிட்டோம்னு. கண்ணு மங்கிட்டோன்னு ஆலங்குளத்துல போயி டெஸ்ட் பண்ணிப் புதுக் கண்ணாடிகூடப் போட்டுட்டேன். வீட்டுல அவ ஏசுதா, குருட்டுக் கிழவன்னு.” சிரிக்கப் பார்த்தார். “அப்ப எங் கண்ணுல கோளாறு இல்ல.”

“இல்ல அண்ணாச்சி. ஒங்க மேல ஒண்ணும் தப்பில்ல.” இதற்குமேல் ஒரு வார்த்தை சொன்னால் அழுதுவிடுவாள், அழுதால் அவர் சமாதானம் சொல்ல ஆரம்பித்துவிடுவார், அது கூடவே கூடாது.

“அந்தப் பிள்ளைகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்?” என்றார். “நீ எழுதுற பிள்ளைதான. நாலு வார்த்தை நல்லதாச் சொல்லிக் குடேன், அப்படியே சொல்லிருதேன்.”

நாலு வார்த்தை நல்லதாக. வாயில் வரிசை கட்டி நின்றன, எல்லாம் கோலம் போட்டுக்கொண்டு. “நல்லதா வேண்டாம் அண்ணாச்சி. இல்லைன்னு சொல்லிருங்க. அப்புறம் நீங்க சொன்னீங்களே, துண்ட எடுங்க மாமான்னு, அவரு சிரிச்சாருன்னு, அதச் சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நானும் வாரேன். அந்தப் பிள்ளைய நானும் பாக்கணும்.”

“நீ வந்து என்ன செய்ய?”

“ஒண்ணும் செய்ய முடியாது. வாரேன்.”

சரி என்று சொல்லவில்லை அவர். ம் என்றார். வைத்துவிட்டார். மன்னிச்சேன் என்று அவர் சொல்லுவார் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்திருக்கிறாள் போல, இல்லாவிட்டால் ஏன் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்து அடித்தாள். ‘இந்தக் கணினியில் உள்ள படங்கள், கணக்குகள், எல்லாம் அழிந்துவிடும். திரும்பக் கிடைக்காது.’ சரி என்கிற பட்டனை எடுத்துவிட்டாள். அந்த இடத்தில் ‘அழித்துவிடு’ என்று ஒன்று, ‘அப்படியே இருக்கட்டும்’ என்று ஒன்று. அனுப்பினாள். மேடம் படித்துவிட்டு எழுந்து வந்தார்கள். “மூஞ்சியில அடிச்ச மாதிரி இருக்கே பூமாரி.” ஆமா மேடம் என்றாள். “காலையில பேசுவோம்,” என்றார்கள். அண்ணாச்சிகிட்டச் சொல்லிட்டேன், இல்லைன்னு சொல்லிட்டேன் என்றாள். மேடம் மேஜைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடி போட்டு வைத்துவிட்டுப் போனார்கள். வேலை இருக்குமோ இருக்காதோ. பஸ்ஸில் இடம் கிடைத்தது, ஜன்னலோரம். வழியில் ஒரு பழவண்டி, ஆரஞ்சு குவித்திருந்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த வெள்ளிக்கிழமையே இந்த வரியை எழுதியிருந்தால் ஒரு மனுஷன் பல்லில்லாமல் சிரித்துக்கொண்டு ஒரு வீட்டுச் சுவரில் தொங்குவார். பேரப்பிள்ளை பார்த்து, யாரு இது என்று கேட்கும். அவ்வளவுதான். ஒரு சொல். அதை எழுதக் கூடாது என்று யாரும் அவளைத் தடுக்கவில்லை, அவளேதான் எடுத்துவிட்டாள்.

வீட்டு வாசலில் தன்ஷிகா குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. முன்னால் ஒரு சிரட்டையில் தண்ணீர், பக்கத்தில் கொஞ்சம் அரிசிக் குருணை. “ரோசு இன்னும் வரலம்மா. தண்ணி சுட்டுருச்சு, நான் மாத்தி மாத்தி வச்சேன்.” நாளைக்கு வரும். அந்த வார்த்தை நாக்கின் நுனியில் வந்து உட்கார்ந்துகொண்டது, தித்திப்பாக. பூமாரி பையைத் தோளில் போட்டபடியே மண்ணில் உட்கார்ந்தாள்.

“ரோசு செத்துப்போச்சு தங்கம். இனிமே வராது.”

பிள்ளை அவள் வாயையே பார்த்தது. “சாயங்காலம் வரும்னியே.”

“காலையிலயே செத்துப்போச்சு. அம்மாதான் ஒங்கிட்டச் சொல்லல.”

அழும் என்று கையை நீட்டினாள். அழவில்லை. சிரட்டைத் தண்ணீரில் விரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றிற்று, அது அடங்குகிறவரை பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கதவு வழியாக உள்ளே பார்த்தது, டி.வி. மேல், பிஸ்கட் இருக்கிற இடத்தை.

“அப்போ தாத்தா?”

பூமாரி தோளிலிருந்து பையை இறக்கிக் கீழே வைத்தாள்.